அலங்காரப் படம்

இல்லக்கா, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாது. நான் கோவில்பட்டி வரைக்கும். நீங்க சாத்தூரா? சரி, அப்ப பேசிக்கிட்டே போயிரலாம்.

என்ன வேலைன்னு கேட்டீங்கள்ல, அதைச் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள விருதுநகரே வந்துரும். எங்க வீட்டுக்காரரு யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா"ம்பாரு. இத்தனை வருஷமா கூட இருக்காரு, அவ்வளவுதான் புரிஞ்சிருக்கு.

மதுரையில ஒரு கம்பெனி. பொண்ணு மாப்பிள்ளை பாக்கிற வெப்சைட்டு நடத்துறாங்க. பேரு வேண்டாம், இப்ப இருக்கிற நெலமைல. கண்ணு தெரியாதவங்க போன் எப்படின்னு பாத்திருக்கீங்களா? அதுல ஒரு குரல் இருக்கும். ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்தையெல்லாம் கடகடன்னு வாசிச்சுக் காட்டும். ஆனா படம் வந்தா முழிக்கும். ஒண்ணு, வெறுமனே "படம், படம்"னு சொல்லும். இல்ல, அந்தப் போட்டோவை ஏத்தினவங்க வச்ச பேரை, நம்பரும் கோடுமா இருக்குமே, அதை வரிசையா வாசிக்கும். கேக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? அதனால ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி, நம்ம கண்ணுக்குத் தெரியாம, ஒரு வரி எழுதி வைக்கணும். அந்தக் குரல் அதை எடுத்து வாசிக்கும். ஆபீஸ்ல ஆல்ட்டுன்னு சொல்லுவாங்க. நான் எழுதறது அதுதான். போட்டோவுக்கு வாய் வச்சு விடற வேலைன்னு வச்சுக்கங்களேன்.

சும்மா எழுதிர முடியாதுக்கா. ஏகப்பட்ட சட்டம். "அழகான பெண்"னு எழுதக் கூடாது. அழகா இல்லையான்னு கேக்கிறவங்க முடிவு பண்ணிக்குவாங்களாம். நிறம் எழுதவே கூடாது. திண்டுக்கல்லுலேருந்து ஒரு அம்மா, அந்தக் குரல் வாசிச்சதைக் கேட்டுட்டு, போன்ல பிடிச்சு விளாசிட்டாங்க. "எம்பொண்ணு தக்காளி மாதிரி செவப்பு, அதை விட்டுட்டு சுடிதார் கலரை எழுதியிருக்கியேம்மா, மாப்பிள்ளை என்ன சுடிதாரையா கட்டப் போறாரு"ன்னு. நான் என்ன செய்ய? துணி கலர் எழுதலாம், ஆள் கலர் எழுதக் கூடாதுங்கிறது பிரசன்னா சார் போட்ட உத்தரவு. சாருன்னா என்னைவிடச் சின்னவருதான். ஆனா அவருதான் எனக்கு மேல.

அதனால எல்லாப் பொண்ணும் என் கையில ஒண்ணு போலத்தான் வரும். "நீலப் புடவையில் பெண், சிரிக்கிறார்." "மஞ்சள் சுடிதாரில் பெண், மரத்தடியில் நிற்கிறார்." நல்லா எழுதறேன்னு பேரு எனக்கு. பொய் எழுதினதில்ல. முக்கியமானதை விட்டதில்ல. இது ரெண்டும்தான் பெரிய சட்டம். இருக்கிறதை மட்டும் சொல்லு, இருக்கிற முக்கியமானதை முழுங்காத.

இன்னொண்ணும் இருக்கு. இதை மட்டும் கவனமாக் கேட்டுக்கங்கக்கா, என் தலைவலியே இதுலதான். பேஜ் ஓரத்துல மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, மாலைன்னு சும்மா அழகுக்குப் படம் போட்டிருப்பாங்கள்ல. அதையெல்லாம் வாசிச்சா கேக்கிறவங்களுக்கு அலுப்பு. அதுக்கு "அலங்காரப் படம்"னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணி விட்டுரணும். டிக் பண்ணினா அந்தக் குரல் அங்க நிக்கவே நிக்காது. அப்படி ஒரு படம் இருக்குன்னே காட்டிக்காம தாண்டிப் போயிரும்.

எனக்கு ஒரு தங்கச்சி. வடிவு. கோவில்பட்டியில அம்மாகூட இருக்கா. ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. முதல்ல அவளே ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் வர்றவங்க கையை இழுத்துக்கிட்டு "வேற ஆள் இல்லையா"ன்னு கேக்க ஆரம்பிச்சதும், லேப்காரரு அவளை உள்ள மைக்ராஸ்கோப்கிட்ட உக்கார வச்சிட்டாரு.

கை... அதாவது அவளுக்குத் தோல்ல கொஞ்சம் அது இருக்கு. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது உதட்டோரமா ஆரம்பிச்சுது. இப்ப முகத்துல, கழுத்துல, ரெண்டு கையிலயும். ஒட்டாது, பரவாது, யாரையும் ஒண்ணும் செய்யாது. டாக்டர் ஆயிரம் தடவை சொல்லிட்டாரு. எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே. ஊர்ல அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க பாருங்க, அதை நான் வாயால சொல்ல மாட்டேன்.

நாங்க யாரும் அவளை ஒதுக்கினதே இல்லக்கா. அதுல எங்க வீட்டை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட, வீட்ல கூட்டம் நெருக்கும்னு அவளைச் சித்தி வீட்டுல இருக்கச் சொன்னோம். அவ்வளவுதான். அவளும் சரின்னு போனா. கல்யாண ஆல்பத்துல இருக்கா, இல்லாம என்ன. பந்தி பரிமாறுறா. முதுகுப் பக்கம் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன ஆடி மாசம்னு நினைக்கிறேன். ஆபீஸ்ல உக்காந்து ஒவ்வொரு போட்டோவா எழுதிக்கிட்டு வர்றேன். அடுத்ததைத் தொறந்தா வடிவு நிக்கிறா.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலக்கா! அப்புறம் கேட்டதுக்கு, "நீ வேலை பாக்கிற இடம்தான, நம்பிக்கையாப் போட்டேன்"ங்கிறா. போட்டதுதான் போட்டா, நல்ல போட்டோவா போட்டிருக்கலாம்ல? பச்சைச் சுடிதார், முகத்துல ஒரு பொட்டு பவுடர் கிடையாது. ரெண்டு கையையும் முன்னால கோத்து வச்சுக்கிட்டு, வெயிலுக்கு நேரா நின்னு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா. இருக்கிறது அத்தனையும் தெரியுது. கீழ தன்னைப் பத்தி எழுதற இடத்துல "என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை"ன்னு வேற எழுதியிருக்கா.

நான் என்ன எழுத? நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க? "பச்சைச் சுடிதாரில் பெண், சிரிக்கிறார்"னு அடிச்சேன். அடிச்சிட்டுப் பாத்தா அது பொய்யில்ல, ஆனா முக்கியமானதை முழுங்கினது. என் கையால அப்படி எழுதினதில்ல. சரி, உள்ளதை எழுதுவோம்னு "முகத்தில்"னு ஆரம்பிச்சேன். "முகத்தில்"லுக்கு மேல கை போகல. கூடப் பிறந்தவளை எப்படிக்கா எழுதுவாங்க? ஒண்ணும் எழுதாம விடலாம்னா மெஷின் விடாது, செவப்பு எழுத்துல சண்டைக்கு வரும். கடைசியா அந்தக் கட்டம் இருந்துது. டிக் பண்ணிட்டேன்.

பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. கண்ணு இருக்கிறவங்க எப்படியும் போட்டோவைப் பாத்துக்கப் போறாங்க. இல்லாதவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? நான் நல்லதுதான் நினைச்சேன்.

நினைச்ச மாதிரியே நடந்துதுக்கா, அதுதான் வேடிக்கை. பாத்தவங்க யாரும் கூப்பிடல. பாக்காதவரு கூப்பிட்டாரு. கோமதிநாயகம்னு பேரு, சங்கரன்கோவில்காரரு, பேங்க்ல ஆபீசரு. பிறவியிலயே பார்வை கிடையாது. நல்ல குடும்பம். வடிவு எங்கிட்டச் சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சாமியாப் பாத்து அனுப்பி வச்ச ஆளுன்னு அம்மாகிட்டச் சொன்னேன். இவளுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி, பாக்கவே முடியாத மாப்பிள்ளை!

இதை வடிவு முன்னால சொன்னப்ப மட்டும் அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஏன்னு எனக்கு இன்னும் புரியல.

ரெண்டு பேரும் போன்ல பேசினாங்க பாருங்க, அப்படி ஒரு பேச்சு. அவரு பேங்க்ல நடக்கிற கூத்தைச் சொல்லுவாரு, இவ லேப் கதை சொல்லுவா. அவ சத்தம் போட்டுச் சிரிக்கிறதை நான் பாத்து வருஷக்கணக்காச்சு. அம்மா எனக்குப் போன் போட்டு, சிரிப்பு காதுல விழறதுக்காக அடுப்படியிலேருந்து நீட்டிக் காட்டுவாங்க. எனக்குச் சந்தோஷம்தான். உள்ளுக்குள்ள பயமும்தான். "ஏட்டி, அவருகிட்ட சொல்லிட்டியா"ன்னு நான் கேக்கல. அவளும், போட்டோவுலதான் எல்லாம் இருக்கே, தெரிஞ்சுதான் பேசறாருன்னு இருந்திருக்கா. ஒரு தடவை அவரு, "வெப்சைட்டுல உங்க பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, மத்தவங்க மாதிரி இல்ல"ன்னு சொன்னாராம். இவ அதைத் தன் முகத்தைத்தான் சொல்றாருன்னு எடுத்துக்கிட்டா. பாவி மக.

போன மாசம் பேசி முடிக்க வந்தாங்க. அவரும் அவங்க அண்ணனும். நானும் மதுரையிலேருந்து முன்னாடியே போயிட்டேன். முழுக்கை ஜாக்கெட் போடுட்டின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். "எதுக்கு, அவருக்குத்தான் தெரியுமே"ன்னு அரைக்கையில வந்து நிக்கிறா. அம்மா கேசரி கிண்டியிருந்தாங்க. அவரு உக்காந்து, ஏலக்கா வாசனை நல்லாருக்குன்னு அம்மாவைப் பாராட்டிக்கிட்டு இருக்காரு. வடிவு காப்பி கொண்டுவந்து அண்ணன்காரர்கிட்ட நீட்டினா. அவரு டம்ளரைப் பாத்தாரு, அதைப் பிடிச்சிருந்த கையைப் பாத்தாரு, முகத்தைப் பாத்தாரு. வாங்கல.

"ஏல நாயகம், ஒங்கிட்ட இத ஒண்ணும் சொல்லலையால?"ன்னாரு.

"எதை?"

"பொண்ணுக்கு வெண்புள்ளி இருக்குல. மூஞ்சி, கையெல்லாம்."

வடிவு பதறவே இல்ல. சிரிச்சுக்கிட்டே, "அவருக்குத் தெரியும்ங்க, போட்டோவுலயே இருக்கே"ன்னா.

அவரு முகத்தை அவ குரல் வந்த பக்கம் திருப்பினாரு. "போட்டோவா? நீங்க போட்டோவே போடலையே. அத்தனை பேருல போட்டோ போடாத ஒரே ஆளு நீங்கதான். அதனாலதான் மொதல்ல நான் ஒங்களக் கூப்பிட்டேன்."

நான் கேசரித் தட்டைக் கீழ வச்சிட்டேன்க்கா.

"போட்டேனே"ங்கிறா இவ. "இல்லையே"ங்கிறாரு அவரு. அவரு போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் தொறந்து குரலை ஓட விட்டாரு. வீடே கேக்குது. பேரு வடிவு. வயசு. ஊரு. வேலை. "என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை." அடுத்தாப்புல தொடர்பு கொள்ள. நடுவுல மூச்சுகூட விடல அந்தக் குரல். அவ நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கிற இடத்தைத் தாண்டி அப்படியே போயிருச்சு.

வடிவு குனிஞ்சு அந்த ஸ்கிரீனைப் பாத்தா. போட்டோ அங்கதான் இருக்கு. "இருக்குதுங்க, இந்தா இருக்கு"ன்னு விரலை வச்சா.

அவரு போனைக் கீழ வச்சிட்டு, "அப்படின்னா அலங்காரப் படம்னு போட்டிருப்பாவ. தானா ஆகாது. யாரோ வேணும்னு போட்டிருக்காவ"ன்னாரு.

அவ நிமிர்ந்து என்னைப் பாத்தா.

நான்தான அவளுக்கு அந்தக் கட்டத்தைப் பத்திச் சொன்னவ. வேலையில சேந்த புதுசுல, பெருமை தாங்காம, தோரணம் குத்துவிளக்குன்னு எல்லாத்தையும் வெளக்கியிருந்தேன். மறந்து தொலைச்சிருக்கக் கூடாதா அவ?

நான் சும்மா இருந்திருக்கணும். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்ட்டி"ன்னுட்டேன். அதுவே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.

அவ கத்தியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். கத்தல. அவரு எந்திரிச்சாரு. "வெண்புள்ளி எனக்கு ஒரு விஷயமில்லங்க. அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஆனா பாக்கிறவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்ச ஒண்ணு எனக்கு மட்டும் தெரியாம இருந்திருக்கு பாத்தீங்களா, அது கஷ்டமா இருக்கு. சின்ன வயசுலேருந்து அப்படித்தான் நடக்கு எனக்கு. ஒரு வாரம் யோசிச்சுக்கிடுதேன்"ன்னாரு.

வடிவு வாசல் வரைக்கும் போயி, "அக்காதான் அந்த வரியை எழுதணும். எழுதச் சொல்றேன். எழுதினதைக் கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க"ன்னா. அவரு சரின்னுட்டுப் போனாரு. ஒரு வாரம் போயி இன்னொரு வாரமும் போயிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கடைசியாக் கேக்கேன்னு சொல்லியிருக்காரு. அது இன்னிக்கு.

நான் முயற்சி பண்ணாம இல்லக்கா. தினமும் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் அந்தப் போட்டோவைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காருவேன். "முகத்தில் புன்னகை." அழிச்சிருவேன். "முகத்திலும் கைகளிலும் அங்கங்கே வெளிச்சம் பட்டிருக்கிறது." இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது, பிரசன்னா சார்கிட்டக் காட்டினேன். அவரு போட்டோவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "கனிக்கா, நீங்க லீவு எடுத்துக்கங்களேன்"ன்னாரு. அவரையே எழுதச் சொன்னேன். ரெண்டு நொடியில சொல்லிட்டாரு: வெண்புள்ளிகள்னு ஒரு வார்த்தை, சுடிதார், சிரிப்பு, முடிஞ்சுது. அவருக்கென்ன, அவரு தங்கச்சியா? அதை அப்படியே அடிச்சு வெளியிட வேண்டியதுதான் பாக்கி. கையை வச்சிட்டு எடுத்துருவேன். நாளைக்கு எங்க வீட்டுக்காரரு பக்கத்து சொந்தம் யாராவது ஒருத்தரு கண்ணு தெரியாதவரு கேட்டா? அப்படி யாரும் இல்லதான். இருந்தாச் சொல்றேன்.

அதனால வேற யோசனை பண்ணிட்டேன். இந்தப் பையில என்ன இருக்குன்னு பாக்கிறீங்களா? கிரீம். மதுரையில பெரிய கடையில வாங்கினது. சினிமாக்காரங்க தழும்பு மறைக்கிறதுக்குப் போடறதாம். சுத்தமாத் தெரியாது. கோவில்பட்டியில ஸ்டூடியோவுக்கும் சொல்லி வச்சாச்சு. போன உடனே அவளை உக்கார வச்சுப் பூசி, புதுசா ஒரு போட்டோ எடுத்து, அந்தப் பழசை எடுத்துட்டு இதைப் போட்டுட்டா, நான் தாராளமா எழுதலாம்ல? "பச்சைச் சுடிதாரில் பெண், சிரிக்கிறார்." ஒரு எழுத்துப் பொய் இருக்காது. அவரும் கேட்டுக்கிடலாம். யாருக்கும் நஷ்டமில்ல. என்னக்கா, சரிதான?

சரி, நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, இதுதான் அந்தப் போட்டோ. நல்லாப் பாருங்க. பாத்துட்டு, கண்ணு தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க.

...பாத்தீங்களா! "பச்சைச் சுடிதார் எடுப்பா இருக்கு"ன்னு ஆரம்பிக்கிறீங்க! முன்ன பின்ன தெரியாதவங்க நீங்களே சுடிதார்ல போயி ஒளிஞ்சுக்கிறீங்க. நான் கூடப் பிறந்தவ. என்னை மட்டும் எல்லாரும்... இல்லக்கா, உங்களைக் கோவிச்சுக்கல. எனக்கு யாருகிட்டப் போயிச் சொல்றதுன்னு தெரியல, அதான்.

இருங்க, அவதான் கூப்பிடறா.

ஏட்டி, வந்துக்கிட்டே இருக்கேன், விருதுநகர் தாண்டியாச்சு... எழுதலட்டி, இன்னும் எழுதல. அதுக்குத்தான் ஒரு யோசனையோட வர்றேன்... என்னது? ...எப்ப? ...நீயாவா சொன்ன? போன்லயா? ...அவரு என்ன சொன்னாரு? ...வைகாசியிலயா! ...சரி. ...சரிட்டி. ...நான் இப்ப வர வேண்டாமா? ஸ்டூடியோவுல சொல்லி... சரி, வரல. ...ஏய், வச்சிராத, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், எதைச் சொல்லி ஆரம்பிச்ச? ...

வச்சிட்டா.

நேத்து சாயங்காலம் அவளே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாளாம்க்கா. உச்சந்தலையிலேருந்து விரல் நுனி வரைக்கும், எங்க எங்க, எப்படி எப்படின்னு. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாராம். முடிச்சதும், இன்னொரு தடவை சொல்லுங்கன்னாராம். திரும்பவும் சொன்னாளாம். வைகாசியில கல்யாணம் வச்சுக்கலாம்னு பேசிக்கிட்டாங்களாம். நான் இப்ப வர வேண்டாம்ங்கிறா. அப்புறம் சொல்லி அனுப்புறாளாம்.

நல்லதுதான். நடக்கட்டும். எனக்கென்ன, சந்தோஷம்தான்.

எதைச் சொல்லி அவ ஆரம்பிச்சான்னு மட்டும் கேட்டேன்கா. முதல் வார்த்தை என்னன்னு. அதைச் சொல்றதுல அவளுக்கு என்ன குறைஞ்சு போகுது? "உனக்கு எதுக்குக்கா, நீதான் பாத்திருக்கியே"ன்னுட்டு வச்சிட்டா.

பாத்திருக்கேன்தான். பாக்காமலா இருந்திருப்பேன்? அவ பிறந்ததுலேருந்து கூட இருந்தவதான நான். நீங்க சொல்லுங்கக்கா, அவ எதுல ஆரம்பிச்சிருப்பா?